கனகசபை அண்ணையின் காகித வீடு

கனகசபை அண்ணைக்கு அறளை பெயரவில்லை; முதுமையில் நினைவு தடுமாறவில்லை. அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டதென்று அவருடைய மகளை நம்பவைத்தவன் நான். பின்னர் அவரையே நம்பவைத்தவனும் நான்தான்.

இதை வாசிக்கும் நீங்கள், உரும்பிராயில் என் வீட்டு முன்கூடத்தை நிறைத்துக் கிடக்கும் மேசையைப் பார்க்க வந்தவராக இருக்கலாம். காங்கேசன்துறைப் பாதையில், இடப்பெயர்வுக்கு முன்பிருந்த எங்கள் ஊரை அந்த மேசையின்மேல் நான் கட்டியிருக்கிறேன். நடுவே ஒரு சிறு புகையிரதம் ஓடுகிறது. நிலையம், தபாற்கந்தோர், சங்கக்கடை, வீடுகள் எல்லாமே காகிதம். பழைய படங்களைக் கணினியில் ஏற்றி, சுவர் சுவராகப் பிரித்து, தடித்த தாளில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டினேன். இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் காலங்கழித்த நான், இவற்றை எவரிடமும் பயிலவில்லை. அந்தச் செருக்கு எனக்குண்டு... மறைப்பானேன்!

வருவோரிடம் நான் பெருமையாகக் கூறிவந்ததொன்றுண்டு: "இந்த மேசையில் கற்பனை கிடையாது."

அது பொய்.

அண்ணையின் வீடு நிலையத்தை அடுத்திருந்தது. அதன் படம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியது. என் திருமணத்தன்று அவ்வீட்டு வாசலில் எடுத்த படம், என்னிடம் இருந்தது. முகப்பின் இடப்பக்கத்தில் ஓர் அறை முன்னோக்கித் துருத்தி நிற்கும். அச்சிட்டு ஒட்டி மேசையில் வைத்தேன். அந்த அறை தண்டவாளத்தின்மேல் ஏறியது; வளைவில் வந்த பெட்டிகள் சுவரை உரசின. தண்டவாளத்தைப் பிடுங்கி மறுபடி போடவேண்டும்... அல்லது வீட்டை மாற்றவேண்டும்.

கணினியில் ஒரே அழுத்தல்! கண்ணாடியில் தெரிவதுபோல் வீடு இடம் வலமாயிற்று. மறுபடி அச்சிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. மாதிரிப் புகையிரதப் பாதை அமைப்போர் பலரும் செய்வதுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அண்ணையின் காணி அப்போது இராணுவத்திடம் இருந்தது. அந்த வீட்டைக் கண்ட கண்களில் இங்கே எஞ்சியவை அவருடையவையும் என்னுடையவையுமே. யார் கேட்கப் போகிறார்கள்?

காணி விடுபட்டது. போய்ப் பார்த்தோம். வீடில்லை, அத்திவாரமில்லை, ஒரு மரமில்லை. வழித்துத் துடைத்த வெறும் நிலம். அண்ணையின் மனைவி மங்கை அக்கா அந்த முன்னறையில்தான் கண்மூடினார். திவசத்தன்று அவ்விடத்தில் ஒரு விளக்கேற்ற வேண்டும்... அண்ணைக்கு வேறு ஆசை இருக்கவில்லை. மகள் புவனா ஊரைவிட்டு வரும்போது கைக்குழந்தை; அவளுக்கு எதுவும் நினைவில்லை. எனவே இடத்தை உறுதிசெய்ய இருவரும் என் மேசைக்கு வந்தனர்.

"அப்பா, வடிவாப் பாருங்கோ. அறை வலக்கைப் பக்கமெல்லே கிடக்கு."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய் பிள்ளை? படலையாலை உள்ளிட்டா இடக்கைப் பக்கம். அத்திவாரம் வெட்டினவன் நான்."

"காலமை தேத்தண்ணி குடிச்சதையே மறந்துபோய்த் திருப்பிக் கேட்டனீங்கள்."

"அது உன்ரை தேத்தண்ணி. குடிச்ச மாதிரியே இருக்கேல்லை."

புவனா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்கள் சொல்லுங்கோ. அந்தப் படம் கிடக்கே?"

"படத்தைப் பாத்துத்தான் பிள்ளை செய்தனான். படம்... எங்கையோ துலைஞ்சு போச்சு."

படம் என் அலுமாரியில் இருந்தது!

அண்ணை குனிந்து அந்தக் காகித வீட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "உவன் ஆணி நிறுக்கேக்கையே பிழை விடாதவன். அப்ப எனக்குத்தான் பிழைச்சுப் போச்சுப்போலை."

அந்தக் கணத்தில் நான் ஏன் வாய்திறக்கவில்லை? அஞ்சினேனா? யாருக்கு? ஒரு வீடு பொய்யென்று தெரிந்தால் மேசை முழுவதுமே பொய்யாகிவிடுமென்று எண்ணினேன். ஒரு மனிதரின் புத்தியைக் கொடுத்து என் பெயரைக் காத்துக்கொண்டேன். வேறெப்படிச் சொன்னாலும் அது அலங்காரமே.

அதன்பின் நடந்தவற்றைக் கேளுங்கள். புவனா அவரை மருத்துவரிடம் கொண்டுபோனாள். சைக்கிளைப் பூட்டித் திறப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். கோவிலுக்குத் தனியே விடவில்லை. அவளைக் குறைசொல்லாதீர்கள், அது அன்பினால் விளைந்தது. எதைச் சொல்லுமுன்னும் மகளின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அண்ணைக்கு வந்தது. சந்தையில் யாரேனும் பழைய கதை கேட்டால், "எனக்கு உதுகள் ஞாபகமில்லை" என்று ஒதுங்கினார்.

திவசத்தன்று வெறும் நிலத்தின் வலப்பக்கத்தில் விளக்கேற்றினார்கள். நானும் நின்றேன். திரி நனைய எண்ணெய் வார்த்தவன் நானே... கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அடுத்த திவசம் நெருங்கியபோது, இன்னொரு தடவை அந்தப் பக்கத்தில் எண்ணெய் வார்க்க மாட்டேன் என்று முடிவுசெய்தேன். தண்டவாளத்தைப் பிடுங்கினேன். வீட்டை உள்ளவாறே அச்சிட்டு, உள்ள இடத்தில் ஒட்டினேன். பின்னர் படத்தை எடுத்துக்கொண்டு அண்ணையின் வீட்டுக்குப் போனேன். புவனாவையும் அழைத்து இருத்தினேன்.

"அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி. அறை இடக்கைப் பக்கம். மேசையிலை இடம் காணாமல் வீட்டை மாத்தி ஒட்டினனான். படமும் துலையேல்லை. பொய் சொன்னனான்."

புவனா எழுந்துவிட்டாள். "இவ்வளவு நாளும் அப்பாவைக் குழந்தைப்பிள்ளை மாதிரி ஏசினனான் மாமா... உங்களை நம்பி!"

அவள் இன்னும் ஏசியிருக்கலாம். நான் அதற்கென்றே போனவன். ஆனால் அண்ணை கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஓம், உதிலை இடக்கைப் பக்கம்தான் கிடக்கு."

"நீங்கள் முதலே சொன்னனீங்கள் அண்ணை."

"சொன்னனானே?" கண்களை மூடிக்கொண்டார். "என்னெண்டு சொல்லுறது தம்பி... இப்ப கண்ணை மூடினா எனக்கு உன்ரை மட்டை வீடுதான் வருது. வலக்கைப் பக்கத்து அறையிலைதான் மங்கை படுத்திருக்கிறா. நானும் திருப்பித் திருப்பிப் பாக்கிறன், மாறுதில்லை."

படத்தை என் கையில் திருப்பித் தந்தார்.

"வாற திவசத்துக்கு நீ வந்து இடத்தைக் காட்டு. நீ காட்டுற இடத்திலை கொளுத்துறன்."

கோபமில்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருக்கலாமே!

போவேன். சரியான இடத்தில் காலூன்றி நின்று, இதுதான் என்று சொல்வேன். மேசையைப் பார்க்க வருவோரிடமெல்லாம் அந்தக் காகித வீட்டைக் காட்டி, நான் செய்ததைச் சொல்வேன், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதிலிருந்து நான் விலகப்போவதில்லை.

ஆனால் விளக்கின் முன் அவர் கண்களை மூடிக் கும்பிடுவாரே... அப்போது மங்கை அக்கா எந்த அறையில் இருப்பார்?