படகின் அடியில் ஒரு துளை

எங்கள் தெருவில் தண்ணீர் கிடையாது, படகுகள் உண்டு. இலங்கையில் எங்கள் ஊரிலிருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் இந்த உள்நாட்டுச் சிற்றூரிலிருந்து ஏரிக்கு நாற்பது நிமிடம் கார் ஓட்ட வேண்டும். ஆனாலும் வீட்டுக்கு வீடு முற்றத்தில், துணி போர்த்திய படகொன்று ட்ரெய்லரில் உட்கார்ந்திருக்கிறது. வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தவன் நான். போன மாதம் என் முற்றத்திலும் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆசைப்பட்டு வாங்கவில்லை, பயந்து வாங்கினேன். இங்கேயே பிறந்த என் மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயது. சினேகிதிகளோடு சனிக்கிழமைதோறும் வேக்போர்டிங் போகத் தொடங்கினாள். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, படகு இழுக்க இழுக்க அலைமேல் தாவுகிற விளையாட்டு அது. அவள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. யாரோ ஓட்டும் படகின் பின்னால் போவதைவிட என் கண்முன் போகட்டுமே என்று என்ஜின் உள்ளேயே இருக்கும் பழைய இன்போர்ட் படகொன்றைத் தேடினேன். அந்த வகையில் ப்ரொப்பெல்லர் படகுக்கு அடியில் அடங்கியிருக்கும், பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்து குறைவு என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கினேன்.

மனைவி மல்லிகாவுக்குச் சிரிப்பு. "துன்ஹிந்தவ பாக்கப் போனாலே பத்தடி தள்ளி நிக்கிற ஆளு, நீங்க படகு வாங்கப் போறீங்களா?" பதுளையில் எல்லோரும் அந்த அருவியை எட்டிப் பார்ப்பார்கள்; நான் வேலிக்கம்பியைப் பார்த்துவிட்டு வருவேன். ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் என்பது பீலிக் குழாயில் வரிசை நின்று குடத்தில் பிடிப்பது. அதில் நீந்தலாம் என்று எங்களுக்குத் தோன்றியதேயில்லை.

படகை விற்ற பீட்டர் ஓய்வுபெற்ற விவசாயி. அரைமணி நேரம் விளக்கினார். ஸ்டார்ட் செய்யுமுன் ப்ளோவரைப் போட்டு, என்ஜின் அறையில் தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்றாவிட்டால் வெடிக்கும் என்பது மட்டும் புரிந்தது. வெடிக்கும் என்றதும் பயம் காதை அடைத்துவிட்டது. மிச்சமெல்லாம் அந்த வேகமான ஆங்கிலத்தில் ஓடிப்போயிற்று. "எல்லாம் விளங்கியதா?" என்று கேட்டார். "யெஸ், யெஸ்" என்றேன்.

இந்த யெஸ் எங்கள் குடும்பச் சொத்து. காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரை எதையாவது சொல்லி, "விளங்கிச்சா?" என்றால் வரிசை முழுவதும் "ஆமாங்க தொரை" என்னும். திருப்பிக் கேட்டால் திமிர் பிடித்தவன். ஒருமுறை புல்லுக்கு அடிக்கும் மருந்தின் அளவு விளங்காமலே அப்பா ஆமாம் போட்டார். கலக்கியதில் கையெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க வந்த துரை "இப்ப சொகமா?" என்றபோதும் "ஆமாங்க தொரை" என்று, கட்டுப்போட்ட கையோடு எழுந்து நிற்கப் பார்த்தார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

முதல் சனிக்கிழமை. படகோட்டும் உரிமத்தைக் கேள்விகளை நெட்டுருப்போட்டு எடுத்திருந்தேன். மல்லிகா பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தாள். தர்ஷினி இரண்டு சுற்றுத் தாவினாள், மூன்றாவதில் விழுந்தாள். அவளை ஏற்றப் படகைத் திருப்பினேன். அது எருமை மாதிரிக் கனத்துத் திரும்பியது.

"ஏங்க, காலு நனையுது" என்றாள் மல்லிகா. தரைவிரிப்புக்கு மேல் தண்ணீர் நின்றது.

என்ஜினை நிறுத்தினால் திரும்பக் கிளம்புமா, தெரியாது. நிறுத்தாமல் நெருங்கினால் அடியில் சுழலும் ப்ரொப்பெல்லருக்கும் என் பிள்ளையின் காலுக்கும் எவ்வளவு இடைவெளி, அதுவும் தெரியாது. முப்பதடி தள்ளி அவள் ஆரஞ்சு ஜாக்கெட்டில் மிதந்துகொண்டு கையாட்டினாள். என்ஜினை நிறுத்தினேன். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பீட்டரை அழைத்தேன்.

"ப்ளக் போட்டாயா?" என்றார்.

வாய் தானாக யெஸ் என்று திறந்தது. மல்லிகா என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "தெரியலேனு சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், தெரியலேனு சொல்லுங்க!"

"தெரியாது" என்றேன் ஆங்கிலத்தில். "அன்று நீங்கள் சொன்னது எதுவுமே எனக்குப் புரியவில்லை."

ஏசுவார் என்று நினைத்தேன். "சரி, மெதுவாகச் சொல்கிறேன்" என்றார், அவ்வளவுதான். முற்றத்தில் நிற்கும்போது மழைநீர் தேங்காமலிருக்க அடித்துளையைத் திறந்துவைப்பார்களாம். ஏரியில் இறக்குமுன் மூட வேண்டுமாம். பித்தளை மூடி ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டிக்குள் கிடந்தது. என்ஜின் மூடியைத் தூக்கி, எண்ணெய் மிதந்த தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் தடவினேன். ஏரி உள்ளே வருவது விரலில் தெரிந்தது. மூன்றுமுறை நழுவி, நாலாவதில் மரை பிடித்தது. பம்ப் சுவிட்ச் எதுவென்றும் சொன்னார். தண்ணீர் வெளியே கொட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குள் தர்ஷினி நீந்தி வந்து படகின் பின்படியைப் பிடித்திருந்தாள். "ஏப்பா அழுறீங்க? ஜாக்கெட் போட்டிருக்கோம்தானே, நீந்திப் போயிருக்கலாம்" என்றாள். அப்போதுதான் உறைத்தது, இந்தத் தண்ணீரில் அவளுக்கு ஆபத்தாக இருந்தது தண்ணீர் அல்ல, நான்.

"எறங்கி வாங்கப்பா, நல்லா இருக்கு" என்று கையை நீட்டினாள். ஒரு கையை அவளிடம் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே இழுத்தாள். என் மற்றக் கை படகின் கம்பியை விடவில்லை. எவ்வளவு சொல்லியும் விடவில்லை.