பொழுது இருக்குதா மேரி

செங்கோல்மேரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது பசியோடு இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. இது எப்படிக் கெட்ட பழக்கம் ஆகும், இதுதானே கிறிஸ்தவ குணம் என்று கேட்பீர்கள். விழுப்புரத்தில் அவள் தெருக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது யாராவது அப்படிப் புகழ ஆரம்பித்தால் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விடுகிறாள்.

முகையூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போன நாளில் கேப்பைக் கூழ், போகாத நாளில் தண்ணீர். பசியைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சவுரிராயன் என்கிற கொத்தனாரைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தவள், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கையோடு கிடப்பவர்களைப் புரட்டிவிடுவது, மலமூத்திரம் எடுப்பது, முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர் போடுவது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலையை இவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வாள். நோயாளியைத் தூக்குவதற்கு முன்னால் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள். அவளுடைய மதப் பிரசாரம் மொத்தமே அவ்வளவுதான், அதுவும் தன் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்க.

மேரியக்கா கை பட்டால் வலிக்காது என்று பேர் பரவியது. பிறகு ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, வீடுகளிலேயே தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதில் அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுச் சாமிக்குப் பங்கம் வரக் கூடாது. முருகன் படத்துக்குப் பூ வைக்கச் சொன்னால் வைப்பாள். ஒரு பாய் வீட்டில் நோன்பு மாதம் முழுக்க விடியும் முன்பே எழுந்து சாதம் வடித்துக் கொடுத்திருக்கிறாள். "அவங்க சாமிய அவங்களுக்கு உட்டுக் குடுக்கறதுதான் நம்ம சாமிக்கு மரியாதை" என்பாள். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமை தெரியும். அந்தப் பெருமை இருந்த இடத்தில்தான் அவள் வழுக்கி விழுந்தாள்.

போன கார்த்திகையில் திண்டிவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். சந்திரவதி என்கிற அம்மா, ஈரத்தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். கணவர் அனந்தநாதன் மல்லாட்டை வியாபாரம் செய்தவர், இப்போது இல்லை. ஒரே மகன் சந்திரகுமாருக்குப் பெங்களூரில் வேலை. மேரி அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மட்டும் விழுப்புரம் போய் மதியத்துக்குள் திரும்ப வேண்டியது என்று பேசிக்கொண்டார்கள்.

சந்திரவதிக்குக் கண்ணும் பழுது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும், அது வெயிலா டியூப் லைட்டா என்பது தெரியாது. ஆனால் வாய் நிறையப் பேச்சு. மேரி வந்த முதல் நாளே வீட்டுச் சட்டத்தையெல்லாம் சொல்லிவிட்டார். வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. குடிக்கிற தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். பொழுது சாய்ந்தபிறகு மாத்திரைக்குத் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகக் கூடாது.

"இன்னாத்துக்கும்மா பொழுதோட?" என்று மேரி கேட்டாள்.

"இருட்டுல சின்னச் சின்ன உசுருங்க சோத்துல விழும். நமக்குத் தெரியாது. தெரியாம அதுங்கள முழுங்கிடக் கூடாதில்ல? அவரு இருந்த வரைக்கும் அவரைக் கேட்டுச் சாப்பிடுவேன். இனிமே உன்னைத்தான் கேக்கணும்."

மேரிக்கு இது பிடித்திருந்தது. பூச்சிக்குக்கூட இரக்கப்படுகிறார்களே என்று அன்றைக்கு ராத்திரி, விழுப்புரத்தில் பிள்ளைகளோடு இருந்த புருஷனிடம் போனில் சொன்னாள். சவுரிராயன், "உனக்குத் தோதான வீடுதான்" என்றான்.

சிக்கல் மாத்திரையில் வந்தது. மதியம் வலிக்கு ஒரு மாத்திரை. போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். அஞ்சு மணிக்கு எழுப்பிப் பயத்தங்கஞ்சி கொடுத்துவிட வேண்டும், விட்டால் அடுத்த சாப்பாடு மறுநாள் காலைதான் என்று சந்திரகுமார் சொல்லியிருந்தான். மேரியும் எழுப்பிப் பார்த்தாள். பாதித் தூக்கத்தில் எழுப்பினால் அந்த அம்மா முனகுவார், ரெண்டு வாய் குடிப்பார், குமட்டிக்கொண்டு வரும், மறுபடி சாய்ந்துவிடுவார். ராத்திரியெல்லாம் வயிறு இரைகிற சத்தம் மேரிக்குக் கேட்கும். தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

மார்கழியில் ஒரு நாள் காலையிலிருந்தே தூறல். முந்தின ராத்திரி வலியில் சந்திரவதி கண்ணே மூடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அசந்து தூங்குகிறவரை எழுப்ப மேரிக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் போகட்டும், கொஞ்சம் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவர் தானாக விழித்தபோது தெருவிளக்கு போட்டாகிவிட்டது. முகம் தெளிவாக இருந்தது.

"நல்லாத் தூங்கிட்டேன் போலக்குது. பசிக்குது. பொழுது இருக்குதா மேரி?"

பசிக்குது என்று அந்த வாய் சொல்லி மேரி கேட்டதே இல்லை. கஞ்சி சூடாக இருந்தது. மேரி யோசிக்கவேயில்லை.

"இருக்குதும்மா. மோடம் போட்டுக்கினு இருக்குது, அவ்ளோதான்."

சந்திரவதி டம்ளர் முழுவதையும் குடித்தார். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அன்று ராத்திரி வயிறு இரையவில்லை. மேரி படுக்கும் முன் ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது.

ஒரு நாள் சொன்ன பொய்யை அடுத்த நாள் சொல்வதற்குக் கஷ்டமே இல்லை. எழுப்புவதை நிறுத்திவிட்டாள். அந்த அம்மா தூங்கி எழுவார், கேட்பார், இவள் இருக்குதும்மா என்பாள். மார்கழி பூராவும் இப்படியே போனது. உடம்பு தேறியது, கன்னத்தில் சதை வந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை நடந்தார். மாசக் கடைசியில் டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். தூக்கம் போனது. அவர் பகலிலேயே சாப்பிட ஆரம்பித்தார். பொய்க்கு வேலை இல்லாமல் போனது. ஒருத்தருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று மேரி நினைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சந்திரவதி கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேரியின் கையைப் பிடித்து இழுத்து எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"இத்தனை வலியிலயும் என் விரதம் ஒரு நாள் கெடல. இவதான் காரணம். பொழுது பாத்துப் பாத்துக் குடுத்தா. நம்மவங்களே இப்படிப் பண்ண மாட்டாங்க."

எல்லாரும் மேரியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் கும்பிடக்கூடச் செய்தார். மேரி சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வாள்?

மாசியில் டாக்டரிடம் கூட்டிப் போனபோது, பேச்சோடு பேச்சாக அந்த மாத்திரைத் தூக்கத்தைச் சொன்னாள். டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ராத்திரிக்கு மாத்திக் குடுத்திருக்கலாமேம்மா. ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே." இவ்வளவுதான் விஷயம். ஒரு போன். அந்த அம்மா பகலில் சாப்பிட்டு ராத்திரியில் தூங்கியிருப்பார். இரக்கப்படத் தெரிந்த மேரிக்குக் கேட்கத் தெரியவில்லை.

அப்படியும் பொய்யை அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றவில்லை. அதற்கு ஒரு பப்ஸ் தேவைப்பட்டது.

தவக்காலம் வந்தால் மேரி மீன், முட்டை, கறி எதையும் தொட மாட்டாள். சின்ன வயசில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் வெஜ் பப்ஸ்தானே என்று கேட்டு வாங்கினாள். வெஜ்தான் என்றார் கடைக்காரர். கடித்தால் உள்ளே முட்டை. மேரிக்கு வந்த கோபத்தைப் பார்த்து, திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பூராவும் திரும்பியது.

"கேட்டுத்தானே வாங்கினேன்? நான் வாய்விட்டுக் கேட்டேனா இல்லையா?"

"மாறிப் போச்சுக்கா. துண்டு முட்டைக்கு இன்னா பேஜாரு பண்ற? பசிக்குத்தானே சாப்டற, உடம்புக்கு நல்லதுதான்."

மேரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் முந்தானை நனைந்துவிட்டது. கடைக்காரருக்காவது மாறிப் போனது.

அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியார் சின்ன வயசுக்காரர். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றாள். "மன்னிப்பு அவங்ககிட்டயும் கேக்கணும்மா. எங்கிட்ட சொல்றது சுலபம்" என்றார். அது அவளுக்கும் தெரிந்ததுதான்.

அன்றைக்கே சொல்லிவிட்டாள். மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மார்கழி முழுவதையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். வேலை போய்விடும், திட்டு விழும், சந்திரகுமார் வந்து கத்துவான் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தாள்.

சந்திரவதி கேட்டது இதுதான்.

"கஞ்சியில எதுனா விழுந்துதா மேரி?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. மழை நாளில் டியூப் லைட்டைச் சுற்றி எவ்வளவு ஈசல்! "ஒரு நாள் ரெண்டு விழுந்துதும்மா. பாத்து எடுத்துப் போட்டுட்டேன்."

"உசுரோட இருந்துதா?"

மேரிக்கு ஞாபகம் இல்லை. விரலால் வழித்துச் சுவர் ஓரமாக உதறியதுதான் ஞாபகம். தெரியலம்மா என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். சந்திரவதி கையை நீட்டித் தடவி, அவள் தலையைக் கண்டுபிடித்து அதன்மேல் கையை வைத்தார்.

"பட்டினி கிடக்கறேன்னுதான் செஞ்ச. எனக்குத் தெரியாதா? அழாத. நீ சாப்டியா?"

மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று மேரி நினைத்தாள். கிடைக்கத்தான் செய்தது. மறுநாள் நாலு மணிக்கு, வாசல் பூராவும் வெயில் அடிக்கும்போதே கஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள்.

"வேணாம் மேரி. இனிமே மதியத்தோட போதும்."

பரிகாரமாக நாலு நாள் இருப்பார், பிறகு சரியாகிவிடும் என்று பார்த்தாள். தவக்காலம் முடிந்தது, பாஸ்கா என்கிற ஈஸ்டர் வந்தது, சித்திரையும் பிறந்தது. சந்திரவதி மதியத்துக்கு மேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை. அதே பேச்சு, அதே சிரிப்பு, மேரியின் பிள்ளைகளைப் பற்றி அதே விசாரணை. மகன் போனில் கேட்டால் வயிறு மந்தமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மேரியை மட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏற ஆரம்பித்தது. மார்கழியில் எதைத் தடுக்க மேரி பொய் சொன்னாளோ, அது அவள் கண்ணெதிரே நடந்தது.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள். "என் மேல கோவம்னா என்னை அனுப்பிச்சுடுங்கம்மா. வேற ஆள வெச்சுக்குங்க. வயித்தைக் காயப் போட்டுக்கினு எதுக்கு இப்படி?"

சந்திரவதி நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"கோவமா? உன்னை அனுப்பிட்டு நான் இன்னா பண்ணுவேன்? மதியம்னா உச்சி வெயில், யாரையும் கேக்க வேணாம். சாயங்காலம்னா உன்னைக் கேக்கணும். கேட்டா, நீ சொல்றத நான் நம்பிடுவேன் மேரி. அதான் கேக்கறதில்ல."

மேரி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். விட்டுப் போக மனசில்லை. தினமும் நாலு மணிக்குப் பயத்தங்கஞ்சி வைக்கிறாள், ஆற்றி எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் உட்காருகிறாள். சந்திரவதி வாசனையை வைத்தே கஞ்சி என்று தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டுகிறார். பிறகு இரண்டு பேரும் எதையாவது பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது. அதை எடுத்துச் சொல்ல மேரிக்கு வாய் வருவதில்லை.