பாய்ச்சீலைக்கு இப்புறம்

காலடிப்பேட்டைப் பள்ளியில் தமிழ் கற்பித்துவந்த நாளில், சனிக்கிழமைதோறும் மருத்துவப் படகில் செல்வேன். எண்ணூருக்கு வடக்கே, வண்டித்தடமற்ற கரையூர்களுக்குக் கால்வாய் வழியே மருந்து கொண்டுசென்ற படகு அது. வெள்ளைக்கார டாக்டரம்மாளுக்குத் தமிழ் தெரியாது. நோயாளிகளின் சொல்லை ஆங்கிலமாக்கித் தருவது என் பணி.

பெண்கள் நோவைச் சொல்லுமிடத்தில் ஆடவன் எதிரே இருத்தல் தகாதென்று, படகின் நடுவே பழைய பாய்ச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டு, என்னை முன்புறம் தள்ளி அமர்த்தினார்கள். நாகரிகமான ஏற்பாடென்று நானும் மகிழ்ந்தேன். கடற்காற்றில் சீலை படபடக்கும்போது, கூவினாலன்றி அப்புறத்தார்க்கு ஒன்றும் கேளாது என்பதை எவரும் எண்ணவில்லை.

காட்டுப்பள்ளிக் கரையில் ஒரு நாள், கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் பலகையேறி வந்தாள். காய்ச்சலில் அவள் உடல் நடுங்கிற்று; குழந்தை பாலுக்கு வீறிட்டது. மீன் விற்கும் அவள் நாத்தனார் உடன்வந்திருந்தாள். டாக்டரம்மாள் வினவியதை, நா கூசக் கூச, நான் உரக்கத் தமிழாக்கினேன்:

"மார்பில் நோவு எத்துணை நாளாக உள்ளது? சீழ் வடிகிறதா?"

கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள்.

"இன்னா வாத்தியாரே, பாயாண்ட குந்திகினு தண்டோரா போடுறியா?" என்றான் ஒருவன். கரை முழுதும் சிரித்தது.

இளம்பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். என் காதுகள் எரிந்தன. கால்வாயில் நீர் வடியத் தொடங்கியிருந்தது. படகைத் திருப்பியாக வேண்டும். அடுத்த சனிக்கிழமைவரை அவளால் தாங்க இயலாது; குழந்தையாலும் இயலாது.

நாத்தனார் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பின்பு கரையில் குதித்து, அங்கு நின்ற தன் தோழியிடம், "எங் கூடையில கைய வெச்சவ எவடி?" என்று தொடங்கினாள்.

தோழி ஒரு கணம் திகைத்தாள்; உடனே விளங்கிக்கொண்டாள். "ஆமா, பெரிய வஞ்சிரம் வெச்சிகீற பாரு! நாறிப்போன காரப்பொடி மீனு!"

"எவளுதுடி நாறுது?"

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆடவர் வலையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள். அப்பொய்ச்சண்டையின் மறைவில் இளம்பெண் மீண்டும் ஏறிவந்து, சீலையோடு வாயை ஒட்டவைத்து உரக்கச் சொன்னாள்: "பால் கட்டிகிச்சுங்க. ஒரு பக்கம் கல்லு மாதிரி கீது. புள்ள வாய வெச்சா உசுரு போவுது."

அதனை ஆங்கிலத்தில் கூவினேன். அதே உறுப்பு, அதே நோவு. என் நா சற்றும் கூசவில்லை. தமிழை உயிரென்று மாணவர்முன் முழங்கிவந்தவன் நான். அத்தமிழில் ஒரு தாயின் நோவைப் பேசக் குன்றிய நா, அயல்மொழியில் தயங்காது ஓடிற்று. அதனை நினைக்குந்தோறும் இன்றும் தலை தாழ்கிறது.

டாக்டரம்மாள் கட்டியைக் கீறினாள். உள்ளே அலறல் எழுந்ததும், கரையில் சண்டை அதனினும் ஓங்கி எழுந்து அதனை மூடியது. சிறிது பொழுதில் இரண்டும் ஓய்ந்தன; காற்றும் தணிந்திருந்தது. குழந்தை மறுபக்கத்தில் பால் குடிக்கும் ஒலி சீலைக்கு இப்புறம் கேட்டது. என் செவிகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

புறப்படுகையில் நாத்தனார் ஒரு கொத்து மீனைப் படகில் எறிந்தாள். "நீ சைவம், துன்ன மாட்டே, தெரியும். தொரசாணிக்குக் குடு. உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியாறேன், வாத்தியாரே!"

அடுத்த வாரம் சீலையை ஒட்டி, முதுகைக் காட்டி அமர்ந்தேன். மெல்லப் பேசினாலே இருபுறமும் கேட்டது. அவ்விளம்பெண் குழந்தையை இடுக்கியவாறு கரையில் நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் நீரைப் பார்த்தேன்.