காலை எட்டரை மணியின் ஏழு பெயர்கள்

என் எதிர் நாற்காலிக்காரர் அப்பாண்டைராஜன் இறந்த செய்தி அலுவலகத்துக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். பிற்பகல் மூன்று மணிக்கு எடுப்பதாக அவர் மகன் போனில் சொன்னான். மேனேஜர் இரங்கல் அறிவிப்பு அடித்து வாசலில் ஒட்டும்படி என்னிடம் சொன்னார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவாளர் சங்கத்துக்கு வந்துபோகும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பலர் கிளம்ப வேண்டும்.

அச்சடித்தேன். கறுப்பு பார்டர் அழகாக விழுந்தது. உள்ளே ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எல்லாம் வெற்றுச் சதுரங்கள். ஆறு கம்ப்யூட்டருக்கும் பொதுவான பிரிண்டர் அது. ஆறிலிருந்தும் அனுப்பிப் பார்த்தோம். ஆறும் ஒருமனதாகச் சதுரங்களிலேயே இரங்கல் தெரிவித்தன. சர்வீஸ்காரர் நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

"இன்னிக்கு அப்பாண்டைராஜன் சார் வந்து பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து ஏத்தலியே சார்," என்றார் வாட்ச்மேன் முனுசாமி. "ஆபீஸ் மூடுனா நான் மெயினை ஆஃப் பண்ணிடுவேன். சர்க்குலர் இருக்குது இல்ல? உடனே அதுக்குத் தமிழ் மறந்துடும். தினிக்கும் எட்டரைக்கே வந்து ஏத்திக்கினு இருந்தாரு. இத்தினி வருசமா எதுருலயே குந்திக்கினு இருக்கீங்க, தெரியாதா?"

தெரியாது. மின்சாரச் சிக்கனம் பற்றிய அந்த சர்க்குலரை அடித்தவன் நான். அதுவும் நல்ல தமிழில், தெளிவாகவே அச்சாகியிருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போகும் நேரம். ஜைனர்; இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஐந்தரைக்குப் பையை எடுத்துவிடுவார்.

"இன்னாபா, சூரியனுக்கு முன்னாடி நீ எறங்கிடுவ போல?" என்பேன்.

"அது நாளைக்கும் வரும்பா. இன்னிக்கு விட்ட சோறு வராது," என்பார்.

ஒருநாள், "பிரிண்டர்ல ஒண்ணு காட்றேன், வாபா. நான் வரலன்னா நீ பாத்துப்ப," என்று கூப்பிட்டார்.

"நீ எங்க வராம போயிடுவ?" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒரு தாளில் ஏதோ எழுதி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். அதன் மேல்தான் நான் இத்தனை வருடம் டீ டம்ளர் வைத்துவந்தேன்.

டம்ளரை நகர்த்தினேன். எந்த ஃபைலை, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும் என்று நான்கே வரிகள். ஐந்தாவது: "மொதல் தாளை நீயே எடுத்துப் படி."

அதன்படியே அனுப்பி, முதல் தாளை எடுத்தேன். அலுவலகத்தில் உள்ள ஏழு பேரின் பெயர்கள். எழுத்து ஏறிவிட்டதா என்று பார்க்க அவர் தினமும் அச்சடித்தது எங்களைத்தான். என் ரஃப் தாள்களின் பின்பக்கத்தில் அந்தப் பெயர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏதோ பழைய பட்டியல் என்று நினைத்திருந்தேன். கடைசிப் பெயர் அவருடையது. அடுத்து வந்த தாள், அவருடைய இரங்கல் அறிவிப்பு. பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒட்டினேன். மூன்று மணிக்கு அவர் தெருவில் நிற்க இடமில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, ஒன்பதுக்கு ஆபீஸ் தொடங்கும் முன் உள்ள அந்த அரை மணி நேரம். இப்போது எட்டரைக்கு நான் வருகிறேன். முனுசாமி கதவைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். எதிர் நாற்காலி காலி. தாள் சூடாக வெளியே வருகிறது. ஏழு பெயரையும் படிக்கிறேன்.

கடைசிப் பெயரை எடுத்துவிடலாமே என்றார் மேனேஜர். எடுத்தால் பிரிண்டர் வேலை செய்யாது என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பிரிண்டரைப் பற்றி எதுவும் தெரியாது.