சாய்ந்த வெயிலில் தெரிந்த காளை

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைத் துடைத்தேன். பழைய பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடி அது. போன முறை பாறையில் சாய்த்து வைத்தபோது ஒட்டிய சாணம் ஓரத்தில் காய்ந்து கிடந்தது. துடைத்து, நூல் சேலையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் வந்து நின்றது. பிச்சைமுத்து அண்ணன் கடையில் வேலை பார்க்கும் ராசு, ஆரப்பாளையத்திலிருந்து பரவையில் இருக்கும் என் வீடுவரை மிதித்து வந்திருந்தார். என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "கண்ணாடி வேணாம் டீச்சர். அண்ணன் போயிட்டாரு" என்றார்.

முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டில் சீரியல் பல்பு கட்டி முடித்துவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவர் மைக்செட் கடைக்காரர். 'ஹலோ, மைக் டெஸ்ட்டிங்' என்ற அந்தக் கரகரத்த குரலில்தான் நம் ஊர்க் கல்யாணங்கள் தொடங்கின. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு அவர் வேறொரு ஆள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பாறையில், எழுத்து என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே யாரோ கல்லால் கொத்திவைத்த காளைகளையும் மான்களையும் மனிதர்களையும் தாளில் ஒற்றி எடுத்துச் சேர்க்க வேண்டும் என்று கிளம்பியவர் அவர். கிழக்குப் பாதி முடிந்துவிட்டது. மேற்குப் பாதி மிச்சம். பார்க்கும்போதெல்லாம், "அந்தப் பாதிய முடிச்சிருவோமா டீச்சர்?" என்று கேட்பார்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். வரலாற்று வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்திருந்த ஆதிமனிதர் ஓவியத்தின் முன்னால், தோளில் வயர்ச் சுருளோடு நின்றுவிட்டார். "இதே மாதிரி மாடு என் மாமனார் ஊர்ல இருக்கு டீச்சர். அது மேலதான் கடலை காயப்போடுறாங்க" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் இன்னும் நாலு பேரையும் பஸ் ஏற்றிவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பாறை வெறும் பாறையாகக் கிடந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் சிரித்துக்கொண்டே, கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பீரோக் கண்ணாடியைத் தரையோரமாகச் சாய்த்துப் பிடித்தார். வெயில் பாறையின் மேல் படுத்தவாக்கில் ஓடியது. எங்கள் கால்களுக்கு நடுவே ஒரு காளை, கொம்பும் திமிலுமாக எழுந்து நின்றது. நான் சட்டென்று காலை எடுத்துக்கொண்டேன், மிதித்துவிட்டவள் போல. "கல்யாணப் பொண்ணுக்கும் இதுதான் டீச்சர். நேர் வெளிச்சம் மூஞ்சிய அழிச்சுப்புடும். சாச்சுப் போடணும்" என்றார்.

அவருக்குத் தவறே நேராது என்று நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாக ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்து, ஆதிமனிதரின் வழிபாட்டுச் சின்னம் என்று அறிவித்தார். பாலித்தீன் தாளை விரித்து, மெழுகுப் பென்சிலால் பக்திப் பரவசத்தோடு ஒற்றி எடுத்தோம். ஆடு ஓட்டி வந்த இரண்டு பேர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு கூழாங்கற்களைப் பொறுக்கிவந்து அதன்மேல் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "மாப்ள, நீங்க புலியா ஆடா?" என்று அண்ணனைக் கேட்டார் ஒருவர். ஆடுபுலி ஆட்டத்துக்காகக் கேட்டவரின் அப்பா வெட்டிய கட்டமாம். அண்ணன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆடி, தோற்றும் போனார். ஆனால் அந்தத் தாளைக் கிழிக்க விடவில்லை. "இதுவும் மனுசன் வெட்டுனதுதான? வெட்டுனவரு பேரு வேற தெரியும். எழுதுங்க டீச்சர்" என்றார். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஊர்க்காரர்கள் அந்த உருவத்துக்குச் சொன்ன பெயரை எழுதும் வழக்கம் அன்றுதான் தொடங்கியது.

அந்தப் பாறைதான் ஊருக்குக் களம். தானியம் சந்துக்குள் போகாமலிருக்க, காயப்போடுவதற்கு முன் சாணம் மெழுகுவார்கள். அவர்கள் மெழுகுவதற்குள் நாங்கள் ஒற்றி முடிக்க வேண்டும். அண்ணனின் கொழுந்தியா வெள்ளையம்மாவுக்கு நாங்கள் வருவதே பிடிக்கவில்லை. ஒரு வாரம் நாங்கள் போய் இறங்கும்போது, கிழக்குப் பாறை முழுவதையும் கெட்டியாக மெழுகிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். "இப்ப எடுங்க மச்சான், மாட்டையும் மானையும்" என்றார்.

அண்ணன் குனிந்து மெழுகலைத் தொட்டுப் பார்த்தார். "கொழுந்தியா கை கெட்டியான கை" என்று சொல்லி, எங்களுக்கு டீ வாங்கித் தந்து திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். அந்த வாரமே கோடை மழை கொட்டியது. அடுத்த முறை போனோம். மேற்பரப்புச் சாணத்தையெல்லாம் மழை கழுவியிருந்தது. கொத்திய பள்ளங்களில் மட்டும் அது தங்கி, கோடுகள் மை தீட்டியதுபோல் தெரிந்தன. கண்ணாடி பிடித்தும் எங்கள் கண்ணில் படாமலிருந்த உருவங்கள்கூட வரிசையாக நின்றன. வெள்ளையம்மா எங்களுக்கு முன்பே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காளையின் பின்னால் குட்டியாக ஒன்றைக் காட்டி, "இது எங்க செவலையோட கன்னு மாதிரியே இருக்கே" என்றார். தாளில் அப்படியே எழுதினோம்: செவலைக் கன்று. அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அவர் மெழுகுவதும், மழை கழுவுவதும், நாங்கள் ஒற்றுவதும் முறையாகிவிட்டது. "என் வேலைய மழையும் மச்சினியும் செய்யிறாங்க, நான் டீ மட்டும் வாங்கித் தாரேன்" என்பார் அண்ணன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். சாப்பிட்டு எழுந்ததும் குழுவில் பேச்சு வந்தது. அவர் இல்லாமல் யார் அலைவது, இருக்கிற தாள்களைக் கேட்கும் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றார்கள். கல்லூரிக்காரர்கள் படம் போதும், அடியில் எழுதிய, ஊர்க்காரர்கள் சொன்ன பெயர்கள் வேண்டாம் என்கிறார்களாம். நானும் தலையாட்டினேன்.

விடைபெறும்போது வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முடித்த முகம். "மேக்குப் பக்கம் மெழுகிப் போட்டுட்டுத்தான் வந்தேன். இம்புட்டுச் சாணி எதுக்குன்னு ஊர்ல கேக்குறாக. வானம் வேற மூடிக்கிட்டு நிக்கிது. யாரு வருவாக டீச்சர்?" என்று கேட்டார்.

கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. அண்ணியிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அது உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். எதையும் நேராகப் பார்த்து முடிவுகட்டிவிடும் வகுப்பறைப் பழக்கம் எனக்கு உண்டு. கொஞ்சம் சாய்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். மாணவிகளையும், சில நாட்களில் என்னையுமே.

நேற்று மாலை வடகிழக்கே, கொட்டாம்பட்டிப் பக்கம் மின்னியது. காலையில் ஈரக் காற்று. தாள்களைக் கொடுக்கப் போவதில்லை, செவலைக் கன்றை அழித்துவிட்டுக் கேட்பவர்களுக்கு. வரும் ஞாயிறு முதல் பஸ்ஸுக்குக் கண்ணாடியோடு நிற்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. குழு நண்பர்களே, நீங்களும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறீர்கள். டீ இந்த முறை என் செலவு.