குள்ளர் வூட்டில் ஏற்றிய கற்பூரம்

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருந்தாலும், ஏதாவது மறந்து விட்டிருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயசான காலத்தில் நானும் தங்கையும் பழைய இடங்களைப் பார்க்கக் கிளம்பினோம். எலவனாசூர்கோட்டைக் கோயிலைப் பார்த்துவிட்டு, மறுநாள் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினோம். அங்கே காட்டோரம் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெரிய கல்லால் மூடிய 'குள்ளர் வூடு' இருந்தது. அந்தக் காலத்தில் செத்தவர்களுக்குக் கட்டியதாம். கல்லைக் கண்டால் கும்பிட்டுப் பழகிய கை; உள்ளே கற்பூரம் ஏற்றிவிட்டேன்.

புகை பட்டதும் மேல்கல்லின் அடியிலிருந்து குளவிகள் கிளம்பின. தங்கை முன்னொரு முறை குளவி கொட்டி, மூச்சடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள்.

பக்கத்துக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண் கத்தினாள்: "கைய வீசாதீங்க! முந்தானைய போத்திக்கினு மெதுவா இப்பிடி வாங்க!"

தங்கையை என் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு நடந்தேன். எனக்கு இரண்டு கொட்டு. அவளுக்கு ஒன்றுமில்லை.

"இன்னா ஆயா, குளவிக்கா கற்பூரம் காட்டுனீங்க?" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

"எங்க அக்கா கல்லு கெடச்சா வுடாது" என்றாள் தங்கை.

இப்போதும் ஊர் ஊராகப் போகிறோம். ஆனால் அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் எங்கும் கற்பூரம் ஏற்றுவதில்லை. கூச்சத்தை விட்டுக் கேட்டுவிடுகிறேன். அந்தக் கல் வீடு செத்தவர்களுக்குக் கட்டியதுதானா என்று விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்து எழுதுங்கள்.