என்னா சாப்புடுவீங்க?

குடலைப் புண்ணாக்கும் குரோன்ஸ் நோய் என்று ஆபரேஷன் செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திரும்ப வந்திருக்கிறதா என்று ட்யூப் விட்டுப் பார்க்க, ஓசூரிலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இதே நோயில்தான் என் அண்ணன் இறந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு வலி இல்லை என்று அவன் செக்கப்புக்கே போகவில்லை. திரும்ப வந்தால் சாவுதான் என்று நினைத்திருந்தேன்.

டெஸ்டுக்குக் காத்திருந்த இடத்தில், என் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர். ஒல்லியான உடம்பு, புடவைக்கு மேலே, வேலை செய்யும் கம்பெனியின் நீலக் கோட்டு. பேதி மருந்து குடித்துவிட்டுப் பட்டினியாய் இருந்த எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"முடிஞ்சதும் என்னா சாப்புடுவீங்க?"

"சும்மா இரும்மா, வயித்தெரிச்சலக் கெளப்பாதே" என்றார் ஒரு பெரியவர்.

"பயமே இல்லயாக்கா? திரும்ப வந்துருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"எனக்குப் போன வருசமே வந்துருச்சுப்பா. ஒரு வலியும் தெரியல, ட்யூப்ல பாத்துதான் சொன்னாங்க. மாத்திரைய மாத்துனாங்க. இந்தா, உக்காந்து உங்க உசுர வாங்கிட்டு இருக்கறேன். நீ சொல்லு, என்னா சாப்புடுவே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தோசக்கா" என்றேன்.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பார்த்து முடித்த பிறகு, குடலில் தையல் போட்ட இடத்தில் சின்னதாய்ப் புண் தெரிகிறது, நோய் திரும்ப ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர்.

"மாத்திரைய மாத்துவீங்களா சார்?" என்றேன்.

நான் அழுவேன் என்று நினைத்திருப்பார் போல. சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

நான் வெளியே வந்தபோது அக்கா உள்ளே போயிருந்தார். அவருக்கு என்ன சொன்னார்களோ, தெரியாது. என் அண்ணன் பக்கத்தில் இந்த அக்கா ஒரு நாள் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று மட்டும் அடிக்கடி தோன்றும்.